சீன மேசையில் பத்தொன்பது வருடம்

போன மாதம் துஷி அழைத்தாள். சீன மேசையைக் கழற்றி லொறியில் ஏற்றிவிட்டார்கள் என்றாள். துஷி எங்கள் பழைய பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் இப்போது தொழிலாளர் பிரதிநிதி. நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்குத் தெரிவானவள். ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வெளியிடும் மலருக்கு அந்த மேசையைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம்; வேறு யாரும் அதில் அவ்வளவு காலம் நிற்கவில்லையாம். சரி என்று சொல்லிவிட்டு ஒரு கிழமை தாளைத் தொடவில்லை. மேசையைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது ரூபனில்தான் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ரூபனிடமே கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னான்.

இப்போது நான் டேனிஷ் நகரமான ஒடென்சேயில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். மாலைச் செய்தியில் கோட் போட்ட ஒருவர் வந்து, சீனா மெதுவாகிறது என்று கோடு கீறிக் காட்டுவார். மருமகன் பொறியியலாளர்; அதை எனக்கு விளங்கப்படுத்த ஆசைப்படுவார். எனக்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் கோடு கீழே திரும்பியதை நான் அந்தக் கோட்காரருக்கு முன்பே பன்றிக்காலில் பார்த்தவள்.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜட்லாண்டில் ஒரு சிறிய ஊர். மூன்று கிழமை சுத்தம் பற்றிய வகுப்பு, ஒரு வெள்ளைத் தொப்பி, இரண்டு கத்தி. டேனிஷில் நான் முதலில் படித்த சொற்கள் எல்லாம் பன்றியின் உறுப்புகள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை முட்டைகூட வீட்டுக்குள் எடுக்காத குடும்பம். அம்மாவுக்கு நான் மீன் தொழிற்சாலையில் வேலை செய்வதாகத்தான் கடைசி வரை சொல்லி வைத்திருந்தேன். மீனே அவருக்குப் போதுமான கவலையாக இருந்தது.

அந்த நாளில் பன்றியின் கால்களுக்கு மதிப்பில்லை. வெட்டியதும் ஒரு குழாய்க்குள் விழுந்து, அரைபட்டு, மாவாகிப் போய்விடும். பிறகு சீனாவில் வாங்க ஆள் வந்தது. கழிவு மண்டபத்தின் மூலையில் பதினான்கு மீற்றர் நீளத்தில் ஓர் இரும்பு மேசை வந்தது. அதைத்தான் சீன மேசை என்றோம். முதலில் நாங்கள் நாலு பேர்.

வேலை இதுதான். கால்கள் கழுவிப் பொசுக்கி, நகம் பிடுங்கி, குளிர்ந்து, ஓடும் பட்டியில் வரும். இடது கையால் காலைத் திருப்ப வேண்டும். வலது கையில் இருக்கும் குட்டைக் கத்தியால் விரல் இடுக்கில் மிஞ்சிய மயிரைச் சுரண்ட வேண்டும். வெட்டிய மூட்டில் எலும்புச் சிராய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். நீலப் பிளாஸ்டிக் விரித்த பெட்டியில் மாறி மாறி நெருக்கமாக அடுக்கி, பத்துக் கிலோ வந்ததும் மூடி, எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கும் சீட்டை ஒட்ட வேண்டும். சீட்டில் தொழிற்சாலை இலக்கம் கொஞ்சம் கரைந்திருந்தாலும் அங்கே துறைமுகத்தில் பெட்டியைத் திருப்பிவிடுவார்கள். மண்டபம் எப்போதும் குளிர்பெட்டிக்குள் இருப்பது போலத்தான். ஒரு நிமிடத்துக்குப் பத்துக் கால், பன்னிரண்டு கால். ஏழரை மணித்தியாலம்.

நாலு பேர் பத்துப் பேரானோம். பிறகு இருபது. அங்கே அவர்களுடைய சொந்தப் பன்றிகளுக்கு நோய் வந்து கோடிக்கணக்கில் செத்த வருடங்களில் நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு முறையும் ஆள் தேவைப்பட்டபோது பிரிவுத் தலைவர் ஹெனிங் என்னிடம் வந்து, சரோ, உனக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்பார். எனக்கு எப்போதும் யாரையாவது தெரியும். கணவரின் தம்பி, அவருடைய மனைவி, தங்கச்சியின் மகள், எங்களோடு அகதி முகாமில் இருந்தவர்களின் பிள்ளைகள். நாற்பத்தொரு பேரில் முப்பது பேர் எங்கள் ஆட்கள். கோயில் தேருக்கு லீவு கொடுத்தால் மேசை ஓடாது என்று ஹெனிங் பகிடி பண்ணுவார். எனக்கு அதில் பெரிய பெருமை. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் எழும்பி இடம் தருவார்கள். எங்கள் சனம் முழுவதையும் ஒரே மேசையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே, தூரத்தில் ஒரு நாடு கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டால் எங்கள் எல்லார் வீடும் ஒன்றாக ஆடுமே என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ஹெனிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையான மனிதர். காதில் பென்சில். காலையில் ஒன்பதேகாலுக்கு மண்டபத்துக்குள் வந்து, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்வார். எங்கள் பெயர்களை ஒழுங்காகச் சொல்லப் பழகின ஒரே டேன்காரர் அவர்தான். கட்டளை என்று ஒன்றும் அவர் வாயில் வந்ததில்லை. நாம் ஒருவேளை இப்படிச் செய்து பார்க்கலாமா என்பார், அதுதான் கட்டளை. ஒருவரிடம் ஒன்று கேட்டால் பதில் வரும் வரை பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். தொழிலாளர் பிரதிநிதியாக நான் அவரோடு எத்தனையோ முறை முட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட அவர் என் சொல்லை எழுத்தில் கேட்டதில்லை. நீ சொன்னால் போதும் என்பார்.

மெதுவாவது எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். சீனர்களின் புதுவருடத்துக்காக ஒக்டோபரிலிருந்தே எங்களுக்கு மேலதிக நேரம் இருக்கும், சனிக்கிழமையும் வேலை. ஒரு வருடம் ஒக்டோபர் வந்தது, மேலதிக நேரம் வரவில்லை. நவம்பரும் போனது. சனிக்கிழமைகளில் எல்லாரும் வீட்டில் இருந்தோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

அடுத்தது மயிர். முன்பு சோதனைக்கு வரும் சீன அதிகாரிகள் பத்துப் பெட்டி திறப்பார்கள், தலையாட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அந்த வருடம் வந்த அதிகாரி அம்மா டோர்ச் லைட்டோடு வந்தார். ஒரு காலை எடுத்து விரல் இடுக்கை விரித்து, ஒரு மயிரை இடுக்கியால் பிடுங்கி, வெள்ளைத் தாளில் வைத்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. பசித்தவன் மயிர் பார்க்க மாட்டான். இவர்கள் வாங்காமல் விடக் காரணம் தேடுகிறார்கள் என்று அன்றைக்கே வீட்டில் சொன்னேன். கணவர் நான் எதற்கும் பயப்படுகிறவள் என்றார்.

அதற்குப் பிறகு கன்டெய்னர்கள் முற்றத்தில் நிற்கத் தொடங்கின. சாப்பாட்டு அறையில் எங்கள் வேலையைத் தவிர எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தோம். சீனாவில் கட்டி முடிக்காமல் நிற்கும் வீடுகள், வேலையில்லாத படித்த பிள்ளைகள், அமெரிக்காவின் வரி. ஐரோப்பா அவர்களுடைய மின்சாரக் காருக்கு வரி போட்டால் அவர்கள் எங்கள் பன்றியில் கை வைப்பார்களாம். தொழிற்சாலையில் இரண்டு பேர் அந்தச் சீனக் கார்தான் ஓடினார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது.

இனி ரூபன்.

ரூபன் என் தங்கச்சியின் மகள் நிலாவைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவன். வந்த மூன்றாம் மாதமே அவனை மேசையில் கொண்டுவந்து நிறுத்தினேன். என்னை மாமி என்பான். இந்த நாட்டில் தங்குவதற்கான இருப்புரிமையை அவன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நிரந்தர இருப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வருடக்கணக்கில் முழுநேர வேலை, மொழிப் பரீட்சை, இன்னும் பல. அதோடு, தீர்மானம் எழுதுகிற நாளிலும் ஆள் வேலையில் இருக்க வேண்டும். அந்தத் தாளுக்காக அவன் காய்ச்சலோடும் வேலைக்கு வந்தவன். பரீட்சையை இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினான். இரண்டு பிள்ளைகள். தாள் இல்லாத பயத்தில் ஒரு வீடு வாங்கவில்லை, ஒரு நாய்கூட வளர்க்கவில்லை.

வேலையிலிருந்து ஆட்களை நிறுத்தும் பட்டியல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், என் குசினியில் வந்து நின்று வலது கையைக் காட்டினான்.

"மாமி, பெருவிரலும் மற்ற ரெண்டு விரலும் விறைச்சுப் போய்க் கிடக்கு. காலமை சேட்டுப் பொத்தான் பூட்டேலாமல் நிலாதான் பூட்டி விடுறாள்."

குளிரில் கத்தியைப் பிடித்துப் பிடித்து வருகிற வருத்தம். நான் அதை வேறு ஆட்களில் கண்டிருக்கிறேன். டொக்டரிடம் அனுப்பி, வேலையால் வந்த பாதிப்பு என்று பதிய வேண்டும். அதைச் செய்விப்பதற்குத்தான் என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். டேன்காரர் ஒருவர் வந்து காட்டியிருந்தால் திங்கட்கிழமையே படிவம் போயிருக்கும்.

ஆனால் ரூபன் எங்கள் ஆள். எங்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. அரசாங்கத்தில் எங்கள் பெயருக்கு ஒரு கோப்பு இருக்கிறது, அதில் நல்லது எழுதப்பட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், வருத்தம் என்று ஒரு வரி விழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற பயம். முகாமில் பிடித்தது அது. முப்பது வருடம் வரி கட்டியும் போகவில்லை.

"ஆரிட்டையும் சொல்லாதை," என்றேன். "தாள் வரட்டும். வந்த அண்டைக்கே நான் எழுதித் தாறன்."

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் கத்தியைப் பிடிக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

வேலை செய்த வருடக் கணக்கு நிறைந்ததும் விண்ணப்பம் போனது. பதில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். அந்த மாதங்களில்தான் ஹெனிங் ஒரு செவ்வாய்க்கிழமை இனிப்பு வியன்னா பாணோடு வந்தார். வெள்ளிக்கிழமைதான் யாராவது பாண் கொண்டுவருவது வழக்கம். செவ்வாய்க்கிழமை பாண் நல்லதுக்கில்லை என்று கண்டதும் விளங்கியது. கதவைச் சாத்திவிட்டு, மேசையில் இனிப் பத்தொன்பது பேர் போதும் என்றார். இருபத்திரண்டு பேர் போக வேண்டும். அதில் எட்டுப் பேரை எலும்பு பிரிக்கும் மண்டபத்துக்கு எடுக்கலாம். அது கத்தி வேலை. ஒரு நாள் செய்து காட்ட வேண்டும். யாரை அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார்.

மூன்று நாள் அந்தப் பட்டியலோடு திரிந்தேன். அதில் இருந்த பெயர்களில் முக்கால்வாசி நான் கூட்டி வந்த பெயர்கள். கோயிலுக்குப் போக முடியவில்லை. வாசலிலேயே யாராவது என் முகத்தை வாசிக்கப் பார்த்தார்கள். ஏழு பெயர் சிரமமில்லாமல் வந்தது. எட்டாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி போலந்துக்காரி டனுட்டா. கத்தி அவளுக்குக் கை விரல் மாதிரி. மற்றவன் ரூபன். மேசையில் இருத்தப் போகிற பத்தொன்பது பேரில் அவனுடைய பெயர் வராது. அவனுக்கு முன்னால் நீண்ட காலம் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். எட்டாவது இடம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அந்தத் தாள் இல்லை, திரும்பவும் முதலிலிருந்து.

நிலா அழைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பெரியம்மா, இவருக்கு இடமிருக்கோ?"

நான் ரூபனின் பெயரை எழுதினேன். ஹெனிங் தாளை வாங்கிப் பார்த்து, ரூபனுடைய கை எப்படி, கத்தி பிடிப்பானா என்று கேட்டார். நல்ல கை என்றேன். சரி, நீ சொன்னால் போதும் என்று தாளை மடித்தார். டனுட்டா அடுத்த மாதம் ஊரைவிட்டே போய்விட்டாள்.

செய்து காட்டுகிற நாளில் என்ன செய்ய வேண்டும் என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முறை வருவதற்கு முன் கழுவும் அறையில் பத்து நிமிடம் சுடுதண்ணீரில் கையை வைத்திரு; இரத்தம் ஓடினால் கொஞ்ச நேரம் உணர்வு இருக்கும். அப்படியே செய்தான். பாஸ் பண்ணினான். நிலா எங்கள் வீட்டுக்கு லட்டு கொண்டுவந்தாள்.

எலும்பு பிரிக்கும் மண்டபத்தில் ஐந்தாம் கிழமை அது நடந்தது. கைப்பிடி ஈரம், நாளின் கடைசிப் பகுதி. பிடி நழுவி, கை முன்னுக்குப் போய்க் கத்தியின் அலகில் இறங்கியிருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு துண்டு வெட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்றவன் கையுறை சிவந்ததைக் கண்டுதான் கத்தினான்.

நான் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு விரலின் நரம்பு, தசைநாண் எல்லாம் அறுந்திருந்தன. டொக்டர் ஒரு ஊசியால் விரல் நுனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காயம் படாத பெருவிரலிலும் அவனுக்கு உணர்வு இல்லை. இந்த விறைப்பு எப்போதிருந்து என்று கேட்டார். ரூபன் என்னைப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் என்றான். டொக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் இருந்த கைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஹெனிங் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாண் இல்லை, கோப்பி இல்லை.

"சரோ, அவனுடைய கை முன்பே இப்படி இருந்ததா? உனக்குத் தெரியுமா?"

வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். சுவரில் மணிக்கூடு ஓடியது. அந்த மௌனத்தில் எத்தனையோ பேர் உண்மை சொன்னதை நான் கண்டவள். "இல்லை," என்றேன். காதிலிருந்து பென்சிலை எடுத்து, எதையோ எழுதி, திரும்பச் செருகினார். பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒன்றரை வருடம். ஒன்பதேகாலுக்கு வந்து எனக்குக் காலை வணக்கம் சொல்வதை அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஆனால் என்ன கேட்டாலும் எழுத்தில் கேட்டார்.

ரூபனின் காயம் பதிவானது. விறைப்பையும் காயத்தோடு சேர்த்தே எழுதினார்கள். அந்த வேலையாகத் தொழிற்சங்கத்தின் சட்டத்தரணியிடம் போயிருந்தேன். சின்னப் பெண், எங்கள் மகளின் வயது. கதையோடு கதையாக, யாரோ ஒருவருக்காகக் கேட்பது போலக் கேட்டேன்: இருப்புரிமைக்கு விண்ணப்பித்திருப்பவர் வேலையால் வந்த வருத்தத்தைப் பதிந்தால் விண்ணப்பம் என்னாகும்?

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒன்றும் ஆகாது என்றாள். அது வேறு அலுவலகம், இது வேறு அலுவலகம். வேலையில் இருக்கிறாரா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பதிந்திருந்தால் இலகுவான வேலைக்கு மாற்றிக் கேட்கவும் வழி இருக்கிறது என்றாள்.

இலகுவான வேலை என்றால் எங்கள் தொழிற்சாலையில் சீட்டு அச்சடிக்கும் அறை. சூடான அறை, கதிரை உண்டு. ரூபன் குசினியில் வந்து கை காட்டிய அந்த வருடம் அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. பட்டியல் வந்தபோது அந்த அறையில் ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

நான் கார் தரிப்பிடத்தில் போய் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முப்பது வருடம் இந்த நாட்டில் வேலை செய்து, பத்து வருடம் பிரதிநிதியாக இருந்து, மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லித் தந்தவள் நான். இந்த ஒரு கேள்வியை யாரிடமாவது கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

ரூபன் அப்போது மருத்துவ விடுமுறையில் இருந்தான். ஆனால் வேலையில் பெயர் இருந்தது. ஆறு கிழமைக்குப் பிறகு தாள் வந்தது. நிரந்தர இருப்புரிமை. நிலாவுக்குக் காட்டியதும் நேரே காரில் என் வீட்டுக்கு வந்தான். பெரியவர்களிடம் நல்ல காரியத்தைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் தாளை நீட்டினான். வலது கையின் இரண்டு விரலும் மடங்கவில்லை. தாள் அந்தப் பக்கம் சரிந்தது. நான் எட்டிப் பிடித்தேன்.

"மாமி, நீங்கள் சொன்ன மாதிரி வாய் திறக்காமல் இருந்தபடியால்தான் இது கையில வந்தது," என்றான்.

அவன் கண் கலங்கியிருந்தது. நன்றியாகத்தான் சொன்னான். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியை அவனுடைய இடது பக்கம் வைத்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பொங்கல், ஒரு பிறந்தநாள், சின்னவளின் முதல் பள்ளிக்கூட நாள் எல்லாம் போனது. ஒவ்வொரு முறையும் அவன் அதே நன்றியோடு என் பக்கத்தில் வந்து இருப்பான். இப்போது ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறான்; கிழமைக்கு இருபது மணித்தியாலம்தான் முடிகிறது.

சீனாவைப் பற்றி எழுதச் சொல்லித்தான் துஷி கேட்டாள். ஒரு பெரிய நாடு மூச்சு வாங்கினால் எங்கே எங்கே நோகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த விரல்களை அந்த நாடு எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ரூபன், நீ இதை வாசிப்பாய். அந்தத் தாள் உனக்கு எப்படியும் வந்திருக்கும். கையும் இருந்திருக்கும்.